‘எந்த ஷேர் வாங்கலாம் ப்ரோ?’ - ஆர்டர் போடும் முன் விடை தேட வேண்டிய 10 கேள்விகள்

சம்பளம் அக்கவுன்ட்டில் விழுந்த மறுநாள், ஆபீஸ் கேன்டீனிலும் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் தவறாமல் வரும் கேள்வி: “ப்ரோ, இப்போ எந்த ஷேர் வாங்கலாம்?” பதிலுக்கு இரண்டு மூன்று நிறுவனங்களின் பெயர் வரும். கூடவே ஒரு ராக்கெட் எமோஜி. டீ ஆறுவதற்குள் மொபைலில் ஆர்டர் போய்விடும்.

இந்தியாவில் 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை, 2022 ஆகஸ்ட்டில் 10 கோடியையும் 2025-ல் 20 கோடியையும் தாண்டியது. ஒருவரே இரண்டு மூன்று கணக்கு வைத்திருக்கலாம் என்றாலும், இது பெரிய பாய்ச்சல்தான். பான், ஆதார், ஒரு செல்ஃபி இருந்தால் கணக்கு ரெடி. ஆனால், ‘இந்தப் பணம் எதற்கு? இது பாதியாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று எந்த ஆப்பும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளை முதலீட்டாளர்தான் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. ஷேர் மார்க்கெட்டுக்கு எந்தப் பணம் வரலாம்?

குறைந்தது ஐந்து, ஏழு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணம் மட்டும். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,160-க்கு வந்தது. மீண்டும் 21,000-ஐப் பார்க்க 2010 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்க முடிந்தவருக்கு அது ஒரு மோசமான காலம், அவ்வளவே. 2009-ல் தங்கையின் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்தவருக்கு அது நிரந்தர நஷ்டம்.

எனவே, ஆறு மாதச் செலவுக்கான தொகை சேமிப்புக் கணக்கிலோ எஃப்.டி.யிலோ தனியாக இருக்க வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். ஆண்டுக்கு 36%, 40% என்று வட்டி கட்டிக்கொண்டே 12% வருமானத்தைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை. டேர்ம் இன்ஷூரன்ஸ், கம்பெனி தருவதற்கு வெளியே ஒரு மருத்துவக் காப்பீடு - இவையும் பங்குகளுக்கு முன் வருபவை.

2. போர்ட்ஃபோலியோ என்பது டீமேட் கணக்கில் இருப்பது மட்டும்தானா?

இல்லை. பலர் தவறவிடும் இடம் இது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் பி.எஃப். பணமும் போர்ட்ஃபோலியோதான். 2024-25-க்கு அதற்கான வட்டி 8.25%. அம்மா சேர்த்து வைத்த நகை, கட்டிவரும் நகைச் சீட்டு, ஊரில் இருக்கும் மனை எல்லாமே கணக்கில் வரும். ஏற்கெனவே தங்கத்திலும் நிலத்திலும் குடும்பத்தின் பெரும் பணம் இருக்கும்போது, புதிதாக கோல்டு ஃபண்ட் வாங்குவது அவசியமா என்று யோசிக்கலாம்.

இன்னொன்று, வேலை. ஓ.எம்.ஆரில் ஐ.டி. நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவர், ‘எனக்குத் தெரிந்த துறை’ என்று ஐந்து ஐ.டி. பங்குகளை வாங்குகிறார். கம்பெனி கொடுத்த பங்குகளும் கையில் இருக்கின்றன. அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்தால், அவருக்கு இன்க்ரிமென்ட் நிற்கும் அதே மாதத்தில் போர்ட்ஃபோலியோவும் சரியும். சம்பளம் எந்தத் துறையிலிருந்து வருகிறதோ, சேமிப்பின் பெரும்பகுதி அதற்கு வெளியே இருப்பதே பாதுகாப்பு.

3. ‘10 ரூபாய் ஷேர்’ சீப்பா? ஒரு லட்சம் ரூபாய் ஷேர் காஸ்ட்லியா?

விலையை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் தயாரிக்கும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 2023 ஜூனில் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்ட முதல் இந்திய நிறுவனமானது. ஆனால், அதன் மொத்தப் பங்குகள் வெறும் 42.4 லட்சம்தான். பெருக்கிப் பார்த்தால், அந்த விலையில் நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 42,400 கோடி ரூபாய்.

2024 ஏப்ரலில் வோடஃபோன் ஐடியா, ஒரு பங்கு 11 ரூபாய்க்கு விற்று 18,000 கோடி ரூபாய் திரட்டியது. அதன் பிறகு அதன் பங்குகளின் எண்ணிக்கை 6,600 கோடிக்கும் மேல். 11 ரூபாய் விலையில் அதன் மதிப்பு 72,000 கோடியைத் தாண்டுகிறது. அதாவது, 11 ரூபாய் ஷேர் நிறுவனத்துக்குச் சந்தை போட்ட விலை, ஒரு லட்சம் ரூபாய் ஷேர் நிறுவனத்துக்குப் போட்டதைவிட அதிகம். பீட்சாவை எட்டுத் துண்டாக வெட்டினாலும் எண்பது துண்டாக வெட்டினாலும் பீட்சா ஒன்றுதான். ‘சின்ன விலைதானே, ஆயிரம் ஷேர் கிடைக்குமே’ என்பது மனசுக்குத் திருப்தி தரலாம். லாபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

4. அப்படியானால் பி.இ. விகிதம் பார்த்தால் போதுமா?

பங்கின் விலையை, ஒரு பங்குக்கு நிறுவனம் ஓராண்டில் ஈட்டிய லாபத்தால் வகுத்தால் கிடைப்பது பி.இ. விலை 500 ரூபாய், ஒரு பங்குக்கான லாபம் 25 ரூபாய் என்றால் பி.இ. 20. இன்றைய லாபம் அப்படியே தொடர்ந்தால், போட்ட விலைக்குச் சமமான லாபத்தை நிறுவனம் ஈட்ட 20 ஆண்டு ஆகும் என்று புரிந்துகொள்ளலாம்.

இது நல்ல தொடக்கம். ஆனால், அதோடு நின்றால் ஏமாற வாய்ப்புண்டு. ஸ்டீல், சர்க்கரை, சிமென்ட் போன்ற துறைகளில் லாபம் ஏறி இறங்கும். லாபம் உச்சத்தில் இருக்கும் ஆண்டில் பி.இ. குறைவாகத் தெரியும்; பங்கு மலிவு போலத் தோன்றும். அடுத்த ஆண்டு லாபம் பாதியானால், அதே விலையில் பி.இ. இரட்டிப்பாகிவிடும். எனவே ஒரே துறை நிறுவனங்களோடும், அதே நிறுவனத்தின் பழைய ஆண்டுகளோடும் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு வங்கியின் பி.இ.யை சோப்பு கம்பெனியின் பி.இ.யோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

5. ஒரு நிறுவனத்தில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

அனலிஸ்ட் ஆக வேண்டியதில்லை. ஆண்டறிக்கையையும் பி.எஸ்.இ., என்.எஸ்.இ. தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் காலாண்டுத் தகவல்களையும் வைத்து ஐந்து விஷயங்களைச் சரிபார்க்கலாம்.

- இந்த நிறுவனம் எதை, யாருக்கு விற்றுச் சம்பாதிக்கிறது? இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை என்றால், வாங்க வேண்டாம்.
- ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் விற்பனையும் லாபமும் எப்படி நகர்ந்திருக்கின்றன?
- லாபம் கணக்கில் மட்டும் இருக்கிறதா, பணமாகக் கைக்கு வந்திருக்கிறதா? தொழில் நடவடிக்கையிலிருந்து வந்த ரொக்கம், பல ஆண்டுகளாக லாபத்தைவிட மிகக் குறைவாக இருந்தால் எச்சரிக்கை.
- கடன் எவ்வளவு? லாபத்தில் எவ்வளவு வட்டிக்கே போகிறது?
- புரமோட்டர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா? ஆடிட்டர் பாதியில் விலகினாரா?

ஒரு நிறுவனத்துக்கு இதெல்லாம் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஒரு மொபைல் வாங்குவதற்கு முன் பத்து ரிவ்யூ வீடியோ பார்க்கும் தலைமுறைக்கு இது பெரிய வேலை அல்ல.

6. இதையெல்லாம் பார்த்து வாங்கினால் நஷ்டம் வராதா?

வரும். இதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

2008-ல் நிறுவன நிர்வாகத்துக்காக கோல்டன் பீகாக் விருது பெற்ற சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7 அன்று ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். பங்கு அன்று ஒரே நாளில் முக்கால் பங்குக்கும் மேல் சரிந்தது. ஆண்டறிக்கையை வரி வரியாகப் படித்தவரும் அன்று தப்பவில்லை.

யெஸ் வங்கியின் கதை இன்னும் அருகில் நடந்தது. 2018 ஆகஸ்ட்டில் அதன் பங்கு 400 ரூபாயைத் தொட்டது. நிஃப்டி 50 குறியீட்டில் இடம்பெற்றிருந்த வங்கி அது. பெயர் தெரியாத பென்னி ஸ்டாக் இல்லை. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கியின் பரிந்துரையின் பேரில் அதன் செயல்பாடு முடக்கப்பட்டது. வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை. மறுநாள் பங்கு 20 ரூபாய்க்கும் கீழே முடிந்தது. மறுசீரமைப்பின்போது, 100 பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் 75% பங்குகள் மூன்று ஆண்டுகளுக்கு விற்க முடியாதபடி பூட்டப்பட்டன.

அதே நாட்களில் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருந்தவரிடமும் யெஸ் வங்கி இருந்தது. ஆனால், 50 நிறுவனங்களில் ஒன்றாக, மிகச் சிறிய எடையில். அந்த மாதம் கரோனா அச்சத்தில் சந்தை மொத்தமும் சரிந்தது, பிறகு மீண்டது. யெஸ் வங்கி மட்டும் பழைய விலையின் பக்கமே திரும்பவில்லை. மொத்தச் சேமிப்பையும் அதில் வைத்திருந்தவரையும் இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருந்தவரையும் பிரித்தது கெட்டிக்காரத்தனம் அல்ல. ஒரே பெயரில் எவ்வளவு பணம் வைத்திருந்தார்கள் என்பதுதான்.

7. அப்படியானால் எத்தனை பங்குகள் வைத்திருக்கலாம்?

‘எத்தனை’ என்பதைவிட ‘ஒன்றில் எவ்வளவு’ என்பதே முக்கியம். பத்து லட்சம் ரூபாய் முதலீட்டில் ஒரு நிறுவனத்துக்கு 5% என்று உச்சவரம்பு வைத்தவருக்கு, அந்த நிறுவனம் பூஜ்ஜியமானாலும் நஷ்டம் 50,000 ரூபாய். வலிக்கும், ஆனால் எழுந்துவிடலாம். 40% வைத்தவருக்கு 4 லட்சம் போகும். மீதமுள்ள 6 லட்சம் மறுபடி 10 லட்சமாக, 67% ஏற வேண்டும். நஷ்டத்தின் கணக்கு எப்போதும் இப்படித்தான்: 20% இழந்தால் மீள 25% லாபம் வேண்டும், 50% இழந்தால் 100%, 80% இழந்தால் 400%.

ஒன்றுக்கு 5% என்றால் மொத்தம் 20 நிறுவனங்கள் வேண்டும். அதுவும் வெவ்வேறு துறைகளில். ஐந்து வங்கிப் பங்குகள் வைத்திருப்பது பரவலாக்கம் ஆகாது. 20 நிறுவனங்கள் என்றால் ஆண்டுக்கு 20 ஆண்டறிக்கைகள், 80 காலாண்டு முடிவுகள். ஷிஃப்ட் வேலை, டிராஃபிக், குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவே இதைச் செய்ய எத்தனை பேரால் முடியும்?

முடியாது என்பவருக்கு எளிய வழி இருக்கிறது. நீண்ட காலப் பணத்தின் பெரும்பகுதியை நிஃப்டி 50 போன்ற குறியீட்டைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாகப் போடலாம். தானே பங்கு தேர்ந்தெடுக்க ஆசை இருந்தால், ஐந்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கலாம். தேர்வு தப்பானாலும் வாழ்க்கை தடம் புரளாது. சரியாக இருந்தால் லாபம். எப்படி இருந்தாலும் பாடம்.

மியூச்சுவல் ஃபண்டுகளிலும் எண்ணிக்கையால் பலனில்லை. ஐந்து லார்ஜ்கேப் ஃபண்டுகள் வாங்கினால், ஐந்திலும் பெரும்பாலும் அதே பெரிய வங்கிகளும் அதே பெரிய ஐ.டி. நிறுவனங்களும்தான் இருக்கும். செலவு விகிதத்தைப் பார்ப்பது அதைவிட முக்கியம். மாதம் 10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் போட்டு ஆண்டுக்கு 12% கிடைத்தால் சுமார் ஒரு கோடி ரூபாய் சேரும். 1% செலவில் கரைந்து 11% ஆனால், சேர்வது சுமார் 87 லட்சம். அந்த ஒரு சதவீதத்தின் விலை 12 லட்சத்துக்கும் மேல். ரெகுலர் திட்டத்தில் ஏஜென்டின் கமிஷன் அடங்கியிருக்கும். டைரக்ட் திட்டத்தில் அது இருக்காது.

8. விலை இறங்கினால் இன்னும் வாங்கி ‘ஆவரேஜ்’ செய்யலாமா?

இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. இதைத்தான் செய்கிறது. சந்தை இறங்கும் மாதத்தில் அதிக யூனிட் கிடைக்கும். ஒரு குறியீட்டில் தோற்கும் நிறுவனங்கள் வெளியேறி, வளரும் நிறுவனங்கள் உள்ளே வருவதால், அங்கே பொறுமைக்குப் பொருள் இருக்கிறது.

தனி நிறுவனத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. யெஸ் வங்கியை 400-ல் வாங்கி, 200-ல் ‘பாதி விலை’ என்று மீண்டும் வாங்கி, 50-ல் ‘இதற்கு மேல் எங்கே இறங்கும்’ என்று இன்னொரு முறை வாங்கியவர், ஒவ்வொரு முறையும் தவறான இடத்தில் இன்னும் கொஞ்சம் பணத்தைச் சேர்த்தார். இறங்கும் பங்கை மறுபடி வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: ‘இது என்னிடம் ஏற்கெனவே இல்லை என்றால், இன்று இந்த விலையில் புதிதாக வாங்குவேனா?’ பதில் தயங்கினால், அது ஆவரேஜ் இல்லை; நஷ்டத்தை ஒப்புக்கொள்ள மனசு வராததுதான். 5% வரம்பும் அப்படியே நிற்க வேண்டும்.

9. டெலிகிராம் டிப்ஸ், எஃப் அண்ட் ஓ - சீக்கிரம் சம்பாதிக்கலாமே?

இங்கே எண்களே பேசட்டும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்த செபி, எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93% பேர் நஷ்டம் அடைந்ததாக 2024 செப்டம்பரில் சொன்னது. அவர்களின் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். சராசரியாக ஒருவருக்குச் சுமார் 2 லட்சம். விதிகள் இறுகிய பிறகு, 2024-25-லும் 91% பேருக்கு நஷ்டம்தான். ஸ்கிரீன்ஷாட்டில் லாபம் காட்டுபவர் மீதி ஒன்பது பேரில் ஒருவராக இருக்கலாம். அல்லது நஷ்ட நாட்களின் ஸ்கிரீன்ஷாட்டைப் போடாதவராக இருக்கலாம்.

டிப்ஸின் இயக்கமும் எளிமையானது. சிறிய நிறுவனம் ஒன்றின் பங்குகளை முன்பே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு ‘பெரிய குரூப் இதை வாங்கப் போகிறது’ என்று செய்தி பரப்புவார்கள். கூட்டம் வாங்க வரும்போது அவர்கள் விற்றுவிட்டு வெளியேறுவார்கள். சாதனா பிராட்காஸ்ட் என்ற நிறுவனத்தின் பங்கு தொடர்பாக யூட்யூப் வீடியோக்கள் வழியாக இதே பாணியில் மோசடி நடந்ததாக, 2023 மார்ச்சில் செபி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

பங்குப் பரிந்துரை தருபவர் செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஆராய்ச்சி ஆய்வாளரின் பதிவு எண் ‘ஐ.என்.எச்.’ என்றும், முதலீட்டு ஆலோசகரின் எண் ‘ஐ.என்.ஏ.’ என்றும் தொடங்கும். அந்த எண்ணை செபி தளத்தில் சரிபார்க்கலாம். ‘உத்தரவாத லாபம்’ என்று யார் சொன்னாலும், பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். போலி டிரேடிங் ஆப்பில் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

10. எப்போது விற்பது?

மூன்று காரணங்கள் நியாயமானவை. ஒன்று, வாங்கியதற்கான காரணம் பொய்யாகிவிட்டது: கடன் எகிறியது, லாபம் பணமாக வரவில்லை, ஆடிட்டர் விலகினார். இரண்டு, பணம் தேவைப்படும் நாள் நெருங்குகிறது: இரண்டு ஆண்டில் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றால், இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக எஃப்.டி.க்கு மாற்றத் தொடங்கலாம். மூன்று, ஒரு பங்கு ஏறி ஏறி வரம்பைத் தாண்டிவிட்டது. மகிழ்ச்சியான பிரச்சினைதான், ஆனால் பிரச்சினைதான். ‘வாங்கிய விலைக்கு வந்தால் விற்றுவிடுவேன்’ என்பது இந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியாது.

வரியையும் மறக்கக் கூடாது. 2024 ஜூலை 23 முதல், பட்டியலிடப்பட்ட பங்குகளை ஓராண்டுக்குள் விற்றால் கிடைக்கும் லாபத்துக்கு 20% வரி. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5%. அடிக்கடி வாங்கி விற்பவர் புரோக்கருக்கும் அரசுக்கும் சேர்த்துத்தான் உழைக்கிறார்.

இதெல்லாம் நடைமுறையில் எப்படி இருக்கும்?

கைக்கு 60,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 27 வயது ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு 35,000. முதல் இலக்கு, ஆறு மாதச் செலவான 2.1 லட்சத்தைத் தனியாகச் சேர்ப்பது. அது முடிந்த பிறகு மாதம் மீதமாகும் 25,000-ல், காப்பீடுகளுக்கு 2,000 எடுத்து வைக்கலாம். இரண்டு ஆண்டில் வரப்போகும் கல்யாணச் செலவுக்கு 8,000 ஆர்.டி.யில் போகும். மீதி 15,000 நீண்ட காலத்துக்கு. அதில் 12,000 இண்டெக்ஸ் ஃபண்டில். 3,000 தானே படித்துத் தேர்ந்தெடுக்கும் நான்கைந்து நிறுவனங்களுக்கு. ஒவ்வொரு பங்கையும் ஏன் வாங்கினார் என்று மொபைல் நோட்ஸில் இரண்டு வரி. ஆண்டுக்கு ஒரு நாள் உட்கார்ந்து, எது வரம்பைத் தாண்டியது, எந்தக் காரணம் பொய்யானது என்று பார்த்துச் சரிசெய்தல். அவ்வளவுதான்.

இதில் த்ரில் எதுவும் இல்லை. குரூப்பில் ஷேர் செய்ய ஸ்கிரீன்ஷாட்டும் இருக்காது. ஆனால், அடுத்த சத்யமோ அடுத்த யெஸ் வங்கியோ எது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அது வரும் நாளில், இப்படிப் பிரித்து வைத்தவருக்கு இ.எம்.ஐ. தவறாது, கல்யாணம் தள்ளிப்போகாது. அடுத்த முறை கேன்டீனில் “எந்த ஷேர் வாங்கலாம் ப்ரோ?” என்று யாராவது கேட்டால், “உன் பணத்துல எவ்வளவு அதுல போடப் போற?” என்று திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம்.